குளிரில்லா ஊரில் ஒரு கணப்பு

மேற்குத் தாம்பரத்தில் சிறு பதிப்பகம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்று உண்டு. அச்சகத்திலிருந்து புத்தகக் கட்டுகளை ஏற்றி வரவும், தை மாதப் புத்தகக் காட்சிக்குக் கொண்டு செல்லவும் அதுவே அவருக்குத் துணை. எங்கள் குழுவில் பலரும் அவ்வண்டியின் பின்புறத்தில் கட்டுகளின்மேல் அமர்ந்து பயணித்தவர்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மழைநாளில், முன்னிருக்கையின் காலடியில் வைத்திருந்த மெய்ப்புத்தாள் கட்டொன்று நனைந்துபோயிற்று. ஓர் எழுத்தாளர் இரண்டு மாதம் உட்கார்ந்து தம் கையால் திருத்திய மெய்ப்பு அது. வேறு படி கிடையாது.

மழைதான் எங்கோ உள்ளிறங்கிவிட்டது என்று முதலில் எண்ணினோம். ஆனால் தாளில் ஊறியிருந்த ஈரம் பச்சை நிறமாக இருந்தது. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. பாகு காய்ச்சும் அடுப்படியை நினைவூட்டும் ஓர் இனிப்பு வாடை வண்டிக்குள் சூழ்ந்திருந்தது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம்போல ஒரு மூட்டம். துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தது.

கடப்பேரிப் பக்கம் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். பட்டறைக்காரர் குனிந்து மோந்து பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: "ஹீட்டர் காயில் ஓட்டையாயிடுச்சு சார். பைபாஸ் பண்ணி விட்டுடறேன். நம்ம ஊருக்கு எதுக்கு சார் ஹீட்டரு?"

நியாயமான கேள்வி. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியஸ். நுங்கம்பாக்கத்தில் 1895 டிசம்பர் 11 அன்றும் 1905 ஜனவரி 29 அன்றும் அளக்கப்பட்டது. மிக அதிகம் 45 பாகை. அது 2003 மே 31 அன்று. நூறாண்டுக்கு மேலாக ஒருநாளும் பதிமூன்று பாகைக்குக் கீழ் இறங்காத ஊரில், உள்ளே அமர்ந்திருப்பவரைச் சூடாக்குவதற்கென்றே ஒரு கருவி, வண்டியின் நெஞ்சுக்கூட்டுக்குள், எவர் கண்ணுக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. அந்த வண்டியில் குளிரூட்டி கிடையாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். குளிரூட்டி இல்லை, கணப்பு உண்டு! அது எங்கிருந்து வந்தது, யார் அதை இங்கே வைத்தார்கள், இதற்கு முன் வந்த வண்டிகளில் அது ஏன் இருக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே போனதில், தாம்பரத்திலிருந்து சில கல் தொலைவில், பெருஞ்சாலையோரத்தில் இருந்து மறைந்த ஒரு தொழிற்சாலையின் வரலாற்றுக்குள் போய் நின்றோம்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சில சொற்கள். எரிபொருளிலிருந்து எஞ்சின் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வண்டியை நகர்த்தாமல் வெறும் வெப்பமாகக் குளிர்நீரில் கலந்துவிடுகிறது. அந்த நீரை முன்புறத்து ரேடியேட்டருக்கு அனுப்பிக் காற்றில் ஆற்றுகிறோம். 1901-இல் வெளிவந்த மெர்சிடிஸ் வண்டிக்காக வில்ஹெல்ம் மேபாக் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. இன்றைய ரேடியேட்டர்கள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. அந்தச் சுடுநீரில் ஒரு சிறு கிளையைப் பிரித்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் புத்தக அளவே உள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, அதன் ஊடே மின்விசிறியால் காற்றை வீசினால் கணப்பு ஆயிற்று. நம் பட்டறைகள் இதைத்தான் ஹீட்டர் காயில் என்கின்றன. வீணாகப் போகும் வெப்பத்தை மறித்துப் பயன்கொள்ளும் இந்த எளிய யோசனை ஓடுவண்டிக்குள் வர வெகுகாலம் ஆயிற்று. தொடக்க காலப் பயணிகள் தணல் நிரப்பிய பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டார்கள். பின்னர் புகைபோக்கிக் குழாயின் சூட்டை உள்ளே திருப்பினார்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் நச்சுப்புகையும் சேர்ந்து வரும். சுடுநீர்க் கணப்புகள் பரவியது 1930-களில். 1938-இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளிழுத்துச் சுடுநீர்ப் பெட்டியின் வழியே செலுத்தும் அமைப்பைக் கொண்டுவந்தது. இன்று நம் வண்டிகளில் இருப்பதும் சாரத்தில் அதுவே.

ஆனால் இங்கிலாந்தில் வெகுநாள்வரை இது ஆடம்பரம். பனி பெய்யும் நாட்டிலேயே 1950-களின் பல சிறு கார்களில் கணப்பு வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டவேண்டும். 1959-இல் கவென்ட்ரியில் பிறந்த டிரையம்ப் ஹெரால்டிலும் அப்படித்தான். இத்தாலியரான மிகலோட்டி வரைந்த அழகிய வடிவம். கணப்பு மட்டும் கூடுதல் விலைக்கு. அந்த ஹெரால்டுதான் 1961-இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரோடு நம் பெருங்களத்தூர் பக்கம் வந்து சேர்ந்தது.

ஸ்டாண்டர்ட் மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948-இல் சென்னையின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் கூடித் தொடங்கியது. ஆலை பெருங்களத்தூர், வண்டலூர் வட்டாரத்தில் ஜி.எஸ்.டி. சாலையையொட்டி அமைந்தது. மோட்டார் வண்டி சென்னைக்குப் புதிதன்று. சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் 1903-லேயே நீராவிக் கார் ஒன்றைக் கட்டிக் காட்டியிருந்தார். ஆயினும் அதற்குப் பின் நெடுங்காலம் இங்கே நடந்தது பெரும்பாலும் பெட்டியில் வந்த உறுப்புகளைப் பூட்டும் வேலை. ஸ்டாண்டர்டும் வேன்கார்டு காரைப் பூட்டித்தான் தொடங்கிற்று. 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற இந்திய அரசு, படிப்படியாக உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்டலாம் என்று அறிவித்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கட்டிக்கொண்டு போயின. இந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்ட் என்னும் மூன்று பெயர்களுக்குள் அடுத்த முப்பதாண்டுக் காலத்து இந்தியக் கார் உலகம் சுருங்கியது. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், சென்னைக்கு ஹெரால்டு என்று அந்தக் காலத்தவர் பேசிக்கொள்வதுண்டு.

இங்கேதான் கணப்பின் கதை தொடங்குகிறது. அல்லது தொடங்காமல் போகிறது. ஆண்டுக்காண்டு உள்நாட்டு உறுப்புகளின் பங்கைக் கூட்டியாக வேண்டும். அந்நியச் செலாவணிக்குப் பஞ்சம். அத்தகைய நிலையில் ஆலையின் வரைபட மேசைக்கு முன் அமர்ந்தவர், எதைச் செய்வது என்பதற்கு முன் எதைச் செய்யாமல் விடலாம் என்றுதான் பார்த்திருப்பார். பட்டியலின் முதலிலேயே கணப்பு அடிபட்டிருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. நாங்கள் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பார்த்த ஹெரால்டுகள் எதிலும் அது இருந்ததில்லை. குறையாக எவரும் சொல்லவும் இல்லை.

ஆனால் நீக்கியதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. அந்த ஆலை சேர்த்தும் இருக்கிறது. ஹெரால்டு தனிச் சட்டகத்தின்மேல் உடலைப் பூட்டும் அமைப்புடையது. வெளிநாட்டில் துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பூட்டுவதற்கு வாகான இந்த அமைப்பு, மாற்றுவதற்கும் வாகாக இருந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். கூட்டுக் குடும்பமாகப் பயணம் செய்யும் நம்மூரில், பின்னிருக்கைக்குப் போக முன்னிருப்பவர் இறங்கவேண்டும் என்பது பாட்டிமார்களுக்கு ஒத்துவருமா? 1960-களின் இறுதியில் நான்கு கதவு ஹெரால்டு இங்கே பிறந்தது. உலகில் வேறெங்கும் அப்படியொன்று விற்கப்படவில்லை. வளைவுகளில் தடுமாறும் இயல்புடையது என்று பெயர்வாங்கிய அதன் பின்னச்சை மாற்றி, முழு அச்சு பூட்டி, 1972-இல் கெசல் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு 1971-லேயே நின்றுபோய்விட்டது. ஸ்டாண்டர்ட் என்னும் பெயரையே அங்கே 1963-இல் கார்களிலிருந்து கழற்றிவிட்டார்கள். தாய்வீட்டில் அழிந்த பெயர் பெருங்களத்தூரில் மேலும் கால்நூற்றாண்டு வாழ்ந்தது.

கெசலுக்குப் பின் சில ஆண்டுகள் கார்கள் நின்றன. ஆலையைத் தாங்கியது ஸ்டாண்டர்ட் 20 என்னும் சரக்கு வண்டி. 1958-இல் இங்கிலாந்தில் அட்லஸ் என்ற பெயரில் வந்து, பின்னர் லேலண்ட் 20 ஆகி, அங்கே கைவிடப்பட்டதும் இங்கே வந்து சேர்ந்தது. மழுங்கிய மூக்கு, உருண்டைக் கண்கள். வேனாகவும், சிற்றுந்தாகவும், ஆம்புலன்ஸாகவும், திறந்த பிக்கப்பாகவும் ஓடியது. ஓட்டுநருக்கும் பக்கத்திலிருப்பவருக்கும் நடுவே ஒரு மூடிக்குள் எஞ்சின். அந்த வண்டியில் பயணித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கணப்பு எதற்கு, அந்த மூடியே போதாதா என்பார்கள். ஆடியிலும் ஐப்பசியிலும் முழங்காலைச் சுட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள். பெருங்களத்தூரின் கணப்பு வரலாற்றில் இது ஒன்றுதான் நேர்ச்சான்று என்று எங்கள் நண்பர் ஒருவர் கேலி செய்தார்.

கடைசியாக வந்தது ஸ்டாண்டர்ட் 2000. 1977-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது பெற்ற ரோவர் எஸ்.டி.1-இன் உடலை 1985-இல் இங்கே கொண்டுவந்தார்கள். அதற்குள் வைத்த எஞ்சின் எது என்பதுதான் வேடிக்கை. 1991 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பழைய வேன்கார்டு எஞ்சின். 1940-களின் பிற்பகுதியில் உருவான குடும்பம். அதன் உடன்பிறப்புகள் ஃபெர்கூசன் டிராக்டரில் வயல் உழுதன, டிரையம்ப் டி.ஆர்.2 பந்தயக் காரில் பறந்தன. கியர்பெட்டி சரக்கு வண்டியினுடையது. நம் சாலைகளுக்காகச் சற்று உயர்த்திய அடித்தளம். பணக்காரர்களுக்கான விலையில் பாட்டன் காலத்து எஞ்சின் என்று அன்றைக்கே ஏளனம் எழுந்தது. மாருதி வந்துவிட்டிருந்தது. 1988-இல் ஆலை மூடப்பட்டது.

அந்த ஏளனத்தில் உண்மை உண்டு. எனினும் எங்களால் அதில் முழுமனதோடு கலந்துகொள்ள முடியவில்லை. கையிலிருந்ததை வைத்து ஒட்டுப்போடுவது இழிவு என்றால், இந்தப் புறநகரின் பாதிப் பட்டறைகளை இழித்துரைக்க வேண்டிவரும்.

பட்டறைகள் என்றதும் நீரைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. அந்த வேன்கார்டு எஞ்சினில் பிஸ்டன் ஓடும் உருளை உறைகள் நேரடியாகக் குளிர்நீருக்குள் அமர்ந்திருக்கும். கீழே எட்டு என்னும் இலக்கத்தின் வடிவில் ஒரு மெல்லிய தகட்டு அடைப்பு நீரையும் எண்ணெயையும் பிரிக்கும். அடைப்பு சற்றே அரித்தாலும் நீர் எண்ணெய்க்குள் இறங்கிவிடும். இத்தகைய எஞ்சினுக்கு நாம் எதை ஊற்றினோம்? கிணற்று நீரை, பின்னர் ஆழ்துளைக் கிணற்று நீரை. எங்கள் பகுதியில் பல தெருக்களில் குழாயைத் திறந்து வைத்துப் பாத்திரம் பிடித்தால் அடியில் வெள்ளைப் படலம் கட்டும். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் கட்டியது. குளிர்நீரில் கலக்கும் கிளைக்கால் திரவம் குளிர்நாடுகளில் நீர் உறைவதைத் தடுக்க வந்தது என்பதால், "நமக்கெதற்கு?" என்று இங்கே நெடுநாள் ஒதுக்கப்பட்டது. உறைவதைத் தடுப்பது மட்டுமன்று, கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் அதன் வேலைகள். அவ்விரண்டும்தாம் நமக்கு வேண்டியவை. கணப்பு வேண்டாம் என்றது சரியான கணக்கு. கிளைக்கால் வேண்டாம் என்றது பிழையான கணக்கு. இரண்டையும் ஒரே காரணம் சொல்லித்தான் தள்ளினோம்.

அந்தப் பிழையிலிருந்து பிழைத்தவர்கள் ரேடியேட்டர்க் கடைக்காரர்கள். தாமிரக் குழாய்களும் பித்தளைத் தொட்டிகளும் ஈயப்பற்றால் இணைந்த பழைய ரேடியேட்டரை அவர்கள் கையாளும் விதம் காணத்தக்கது. மேல்தொட்டியைச் சூடுகாட்டிக் கழற்றுவார்கள். தட்டையான நீண்ட கம்பியை ஒவ்வொரு குழாயிலும் செலுத்தி, இறுகிய உப்பைத் தள்ளி எடுப்பார்கள். மீண்டும் தொட்டியைப் பற்றவைத்து, வாய்களை அடைத்து, காற்றடித்து, சிமெண்டுத் தொட்டி நீரில் அமுக்குவார்கள். குமிழி எங்கிருந்து எழுகிறதோ அங்கே ஓட்டை. முன்னிருட்டும் நேரத்தில் அந்தக் கலங்கிய நீரில் ஊசிமுனைக் குமிழி எழுவதைக் கண்டுகொள்ளும் கண்ணுக்கு எந்தப் பள்ளியும் பயிற்சி தரவில்லை. சாலையில் ரேடியேட்டர் ஒழுகினால் லாரிக்காரர்கள் மஞ்சள்தூளைக் கொட்டுவார்கள். அது நீரில் சுழன்று, ஓட்டையில் சென்று அடைந்து, அடுத்த ஊர்வரை தாங்கும். எங்கள் கதைக்கு இந்த மஞ்சள்தூள் திரும்ப வரும்.

மூடிய ஆலையின் பின்கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். இயந்திரங்கள் நெடுநாள் கிடந்தன. எஞ்சியிருந்த ரோவர் உறுப்புகளை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்னும் பழைய வண்டி உறுப்புகள் விற்பவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். கழிவு என்று இங்கே வந்தவை, இங்கிலாந்தின் பழங்கார் விரும்பிகளுக்குப் புதையலாகக் கடல் கடந்து திரும்பின. நிலத்தில் இன்று அடுக்ககங்களும் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் எழுந்துவிட்டன. அதே சாலையில் இன்னும் தெற்கே, 1950-களில் கடையைக் கட்டிக்கொண்டு போன ஃபோர்டு திரும்பி வந்து, மறைமலை நகரில் ஆலை அமைத்து, 1999 முதல் ஐகான் கார்களை அனுப்பியது. 2022-இல் அங்கும் கார் உற்பத்தி நின்றது.

1990-களுக்குப் பின் வந்த வண்டிகளில்தான் கணப்பு ஓசையில்லாமல் நம் ஊருக்குள் நுழைந்தது. காரணம் இரண்டு. காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் விற்க ஒரே வண்டி. தெற்கே போவதற்கு மட்டும் தனியாக ஒன்றை நீக்குவது ஆலைக்கு அதிகச் செலவு. மற்றொன்று, குளிரூட்டியோடு வந்த பல வண்டிகளில் கணப்பு அதன் இணைபிரியாத் துணையாகிவிட்டது; குளிர்ந்த காற்றோடு வெதுவெதுப்பைக் கலந்துதான் நாம் கேட்கும் அளவு வெப்பநிலை தரப்படுகிறது. ஆகவே எது வேண்டும், எது வேண்டாம் என்று பெருங்களத்தூரில் ஒரு மேசையில் முடிவான காலம் போய், எங்கோ முடிவானது நம் காலடிக்கு வந்து சேர்கிறது. இதை வீழ்ச்சி என்று சொல்ல நாங்கள் துணியவில்லை. இன்றைய வண்டிகள் அன்றையவற்றைவிடப் பலமடங்கு மேலானவை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் ஓர் உரிமைதான். அது கைமாறியதை எவரும் கவனிக்கவில்லை என்பதே எங்கள் மனத்தாங்கல்.

நிற்க. வண்டிக்கு வருவோம். பைபாஸ் என்றால் எஞ்சினிலிருந்து கணப்புக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் ஒன்றோடொன்று இணைத்து, கணப்பை வழியிலிருந்து விலக்கிவிடுவது. பத்து நிமிட வேலை. வாய்களை அடைத்துவிடுவதைக் காட்டிலும் இப்படி வளைத்து இணைப்பதே நல்லது. சில எஞ்சின்களில், வெப்பத்தடுக்கு திறப்பதற்கு முன் நீர் சுழல்வதற்கு அந்தக் கிளைவழி வேண்டும். பட்டறைக்காரர் இதையெல்லாம் அறிந்தவர். முடிவு எங்களிடம் விடப்பட்டது.

நண்பர் மாற்றிவிடலாம் என்றார். வண்டி அவருக்கு ஊட்டியிலிருந்து வந்தது. காரட்டும் முட்டைக்கோசும் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிய வண்டி. தை மாத விடியலில் புல்மேல் உறைபனி படியும் ஊரில் அதற்குக் கணப்பு ஓர் அவசியம். மலையேற்றத்தில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கினால் கணப்பை முழுமையாகத் திறந்து விசிறியையும் போட்டுவிடுவார்கள் என்று விற்றவர் சொல்லியிருந்தார். உள்ளிருப்பவர் வெந்து வியர்த்தாலும், இரண்டாவது ரேடியேட்டராக அது எஞ்சினைக் காப்பாற்றும். "அந்த வேலை இங்கேயும் உண்டுதானே? மே மாசம் பல்லாவரம் நெரிசல்ல நின்னு பாருங்க" என்றார் நண்பர். அத்தோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் முன்கண்ணாடி மூடிக்கொள்ளும்போது சூடான காற்றுதான் அதைத் தெளியவைக்கும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் நின்றபோது, நண்பர் இந்த வண்டியில்தான் இரவெல்லாம் ஆட்களை ஏற்றி வந்திருக்கிறார். கண்ணாடியைத் தெளிவாக வைத்திருந்தது அந்தக் கணப்புதான் என்று அன்றுதான் எங்களுக்குச் சொன்னார். அதுவரை நாங்கள் எவரும் கேட்டதில்லை.

வேலை இரண்டு நாள் பிடித்தது. உறுப்பு கையகலம், அதை எட்டுவதற்கு வண்டியின் முகத்தையே பிரிக்கவேண்டும். குளிர்நீரை வடித்து, எஞ்சின் சுவரில் இரண்டு ரப்பர்க் குழாய்களையும் கழற்றினார்கள். பிறகு ஸ்டீயரிங்கின் அடிமூடி, பொருட்பெட்டி, ரேடியோ, பின் டேஷ்போர்டு. ஒவ்வொரு திருகாணியும் எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் வரைந்து அதனதன் இடத்தில் குத்திவைத்தான் உதவிக்கு இருந்த பையன். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஊட்டிப் பேருந்துப் பயணச்சீட்டு ஒன்றும், குழந்தையின் வளையல் ஒன்றும், நண்பர் தொலைத்துவிட்டதாக நம்பிய பதிப்பக முத்திரையும் கிடந்தன.

வெளியே வந்த காயிலை ரேடியேட்டர்க் கடைக்கு எடுத்துப் போனோம். தாமிரமும் பித்தளையும்தான், ஆகவே பற்றவைக்க முடியும் என்ற நம்பிக்கை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள். அறுபதைத் தாண்டியவர். நீரில் அமுக்கினார், ஓரிடத்திலன்று, ஒரு வரிசை முழுதும் குமிழி எழுந்தது. சூடுகாட்டி ஓரத்தொட்டியைப் பிரித்தார். உள்ளே பாதிக் குழாய்கள் காவி கலந்த மஞ்சள் நிறச் சேற்றால் அடைந்திருந்தன. விரலால் எடுத்து எங்களிடம் நீட்டினார்.

"மஞ்சத்தூள் சார். மலை வண்டியில்ல? எப்பவோ ரேடியேட்டர் ஒழுகியிருக்கும், போட்டிருக்காங்க. பெரிய ரேடியேட்டர் பொழைச்சுது, இது அடைச்சுக்கிச்சு."

"பத்தவெச்சுடலாமா பாய்?"

"பத்து இடத்துல வெச்சா பதினோராவது இடத்துல போவும். குழாயி காயிதமா ஆயிடுச்சு. காசு வாங்கிட்டுச் செஞ்சுடலாம். உங்க பொஸ்தகம் மறுபடி நனையும்."

அவர் அந்த வேலைக்குக் காசு வாங்கவில்லை. இப்போதெல்லாம் வருபவை அலுமினியக் கோர்கள், பிளாஸ்டிக் தொட்டிகள். ஒழுகினால் எறிந்துவிட்டு வேறு மாட்டவேண்டியதுதான். ஈயம் காய்ச்சும் வேலை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வருகிறது என்றார். மகன் குளிரூட்டி வேலைக்குப் போய்விட்டானாம்.

புதிய காயிலைப் புதுப்பேட்டையில் தேடினோம். பழைய வண்டிகளை உறுப்புறுப்பாகப் பிரித்து அடுக்கியிருக்கும் அந்தத் தெருக்களில் அரைநாள் நடந்தபின், அதே அளவில் ஓர் அலுமினியக் காயில் கிடைத்தது, பிரிக்கப்படாத அட்டைப்பெட்டியில். குழாய்வாய்களின் சாய்வு சற்றே மாறியிருந்தது. பட்டறைக்காரர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, வளைந்த ரப்பர்க் குழாய் ஒன்றை வேறு வண்டியிலிருந்து தேர்ந்தெடுத்தார். காயிலைச் சுற்றி மென்பஞ்சுப் பட்டை ஒட்டினார். இல்லாவிட்டால் காற்று அதன் ஊடே போகாமல் ஓரத்தால் ஓடிவிடும். எல்லாம் பூட்டி, காய்ச்சி வடித்த நீரில் கிளைக்கால் கலந்து ஊற்றி, வண்டியின் மூக்கைச் செங்கல் மேட்டில் ஏற்றி நிறுத்தி, கணப்பின் திருகை முழுக்கத் திறந்துவைத்து, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டார். கிளைக்கால் நாவுக்கு இனிப்பு, உயிருக்கு நஞ்சு. தரையில் சிந்தியதை நாய் நக்கிவிடாதபடி பையன் மணல் போட்டுத் துடைத்தான்.

மெய்ப்புத்தாள்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். எழுத்தாளரின் திருத்தங்கள் மைப்பேனாவில் இருந்தமையால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கலைந்து போய்விட்டது. எஞ்சியவற்றைக் கண்ணாடியில் ஒட்டி, பின்னாலிருந்து விளக்குக் காட்டி, எங்களுள் நால்வர் ஒரு வாரம் அமர்ந்து படித்துப் பெயர்த்தெழுதினோம். தெரியாத இடங்களை அவரிடமே கேட்டோம். நினைவில்லாத இடங்களில் அவர் புதிதாக எழுதிக் கொடுத்தார். சில இடங்களில் முன்னதைவிட நன்றாக இருந்தது என்று அவரே சொன்னார். எங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருக்கவும் கூடும்.

புத்தகம் அந்தத் தை மாதக் காட்சிக்கு வரவில்லை, மார்ச்சில்தான் வந்தது. முதல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பெருங்களத்தூர் வழியாகத் திரும்பியபோது வெயில் கொளுத்தியது. பழைய ஆலையிருந்த இடத்தில் அலுவலகம் விட்டு வருவோரின் நெரிசல். வண்டி நின்றது, வெப்பமானியின் முள் மெல்ல மேலே ஏறியது. நண்பர் எங்களைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கணப்பைத் திறந்தார். மூவர் நெருக்கி அமர்ந்திருந்த அந்த முன்னிருக்கையில், நண்பகல் வெயிலில், முழங்காலுக்கு அனல் வீசியது. முள் இறங்கிற்று. புத்தகக் கட்டொன்றை மடியில் வைத்திருந்தவர் மட்டும் அதைச் சற்றே மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.